பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்தபின்: தையல் வலியும் உடம்பு வலியும் குறைய என்ன செய்யலாம்

குழந்தை பிறந்த நான்காம் நாள் காலையில், விருதுநகர் பக்கம் எங்கள் அம்மா வீட்டுக் கழிப்பறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிரசவ அறையில்கூட அப்படி அழவில்லை. ஒன்பது மாதமும் ஆளாளுக்கு யோசனை சொல்லியிருந்தார்கள்: எந்தப் பக்கம் படுக்கணும், பப்பாளி தொடலாமா, எப்போது முக்கணும். பெற்றெடுத்த உடம்பை அதற்கப்புறம் என்ன செய்வது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. வலிக்கிறது என்றால் வந்த ஒரே பதில், "பிள்ளை பெத்தா வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கோ."

எனக்கு நடந்தது சுகப்பிரசவம். சுகம் பெயரில்தான் இருக்கிறது. குழந்தை வெளியே வர வழிவிட்டு வெட்டி, பிறகு தைத்திருந்தார்கள். முதல் பிரசவத்தில் இப்படித் தையல் விழுவது மிகச் சாதாரணம். அந்த வலியில் பாதிக்கு மேல் நானும் வீட்டாரும் தெரியாமல் வரவழைத்துக்கொண்டதுதான் என்பது, அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற சித்தி போனில் சத்தம் போட்ட பிறகுதான் புரிந்தது. அவரிடம் கற்றதும், மறுபரிசோதனையில் டாக்டரிடம் கேட்டுத் தெளிந்ததும் கீழே இருக்கின்றன. உங்கள் டாக்டர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் அவர் சொல்வதையே கேளுங்கள். தைத்தவருக்குத்தான் தையல் தெரியும்.

1. எட்டாம் மாதத்திலேயே வாங்கி வையுங்கள்

வலியோடு வீட்டுக்கு வந்தபின் வீட்டுக்காரரைக் கடைக்கு அனுப்பினால், கேட்டது ஒன்றும் வருவது ஒன்றுமாக இருக்கும். என் வீட்டில் "பெரிய பேட்" என்றதற்கு முதியவர்களுக்கான டயாப்பர் வந்தது. (உண்மையில் முதல் இரண்டு ராத்திரிக்கு அது நன்றாகவே உதவியது, அது வேறு கதை.)

எனக்கு ஆன செலவைச் சொல்கிறேன், ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். கமோடு மேல் வைக்கும் உட்காரும் டப் 280 ரூபாய். மருந்துக்கடையில் 'சிட்ஸ் பாத் டப்' என்று கேளுங்கள். ஜெல் ஐஸ் பை இரண்டு, 240. பிரசவத்துக்கென்றே விற்கும் நீளமான பேட் மூன்று பாக்கெட், 450. கால் வைக்கக் குட்டை பிளாஸ்டிக் முக்காலி, 180. மொத்தம் 1,150 ரூபாய். இவற்றோடு ஒரு பழைய தண்ணீர் பாட்டிலும் வேண்டும். மூடியில் சூடான ஊசியால் ஏழெட்டு ஓட்டை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதற்குக் காசு இல்லை, ஆனால் எல்லாவற்றிலும் அதிகம் உதவியது இதுதான்.

உங்கள் வீட்டில் இந்தியன் டாய்லெட் மட்டும்தான் என்றால் இன்னும் ஒன்றை யோசித்து வையுங்கள். தையலோடு குத்தவைத்து உட்கார்ந்து எழுவது முதல் வாரத்தில் பெரும்பாடு. தாத்தாவுக்காக வாங்கிய கமோடு நாற்காலி எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. தேய்த்துக் கழுவி, டெட்டால் போட்டு, வெயிலில் காயவைத்து எடுத்துக்கொண்டோம். டப்பும் அதிலேயே பொருந்தியது. புதிதாக வாங்க மனமில்லாவிட்டால், பெரிய ஊர்களில் மருத்துவ உபகரணக் கடைகளில் வாடகைக்கும் தருகிறார்கள். முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

2. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்: தாள்களும் கேள்விகளும்

டிஸ்சார்ஜ் என்றதும் எல்லாருக்கும் அவசரம். ராகுகாலத்துக்கு முன்னால் கிளம்பணும், கார் வந்து நிற்கிறது, குழந்தைக்கு மை வைக்கணும். அந்த அவசரத்தில் கையில் திணித்த காகிதத்தைப் பார்க்காமல் நான் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் கோழி கிறுக்கல் மாதிரி நாலு வரி. எத்தனை தையல், எந்த வகை நூல், எந்த மாத்திரை எதற்கு, எதுவுமே இல்லை.

டிஸ்சார்ஜ் சம்மரியை அங்கேயே நர்ஸோடு உட்கார்ந்து படியுங்கள். பிரசவ நாளும் நேரமும், தையல் எவ்வளவு ஆழம், ரத்தப்போக்கு அதிகம் இருந்ததா, கடைசியாகப் பார்த்த ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும், மாத்திரை விவரம், மறுபடி வரவேண்டிய தேதி. இத்தனையும் அதில் இருக்க வேண்டும். இல்லாததை எழுதித் தரச் சொல்லுங்கள். போனில் படம் எடுத்துக்கொண்டு, மூன்று ஜெராக்ஸும் போட்டு வையுங்கள்.

அப்புறம் வாய்விட்டுக் கேட்க வேண்டியவை. நூல் தானாகக் கரையுமா, பிரிக்க வேண்டுமா? வெந்நீரில் உட்காருவதை எந்த நாளில் தொடங்கலாம்? மலம் இளக என்ன மருந்து? வலி மாத்திரை எத்தனை நாளைக்கு? ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது என்றால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது? கடைசிக் கேள்விக்குப் பதில் வாங்காமல் படியிறங்காதீர்கள்.

அரசு மருத்துவமனையில் பிரசவம் என்றால் பிரசவம், மருந்து, பரிசோதனை எல்லாம் இலவசம். உள்ளே இருக்கும் நாட்களுக்குச் சாப்பாடும் உண்டு: சுகப்பிரசவத்துக்கு 3 நாள், சிசேரியனுக்கு 7 நாள் வரை. வீட்டுக்குக் கொண்டுவிடும் வண்டிக்கும் காசில்லை, 102-ஐ அழைக்கலாம். சுகப்பிரசவமானாலும் 48 மணி நேரம் தங்கச் சொல்வார்கள். "நல்லாத்தானே இருக்கே" என்று யாராவது அதற்குள் கிளப்பினால் போகாதீர்கள். ரத்தப்போக்கு, சிறுநீர் அடைப்பு போன்ற தொல்லைகள் பெரும்பாலும் இந்த நேரத்துக்குள்தான் தலைகாட்டும்.

பிறப்புப் பதிவை 21 நாளுக்குள் செய்தால் கட்டணமில்லை. கர்ப்பத்தைப் பதிந்தபோது தந்த பிக்மி எண்ணைக் கேட்பார்கள். அந்த அலைச்சல் உங்களுடையதல்ல, குழந்தையின் அப்பாவுடையது. வேலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்குக் கிடைக்கும் 26 வார விடுப்பு தவிர, பிரசவத்தால் உடல்நலம் கெட்டதற்கு டாக்டர் சான்று இருந்தால் சம்பளத்தோடு மேலும் ஒரு மாதம் வரை கேட்கலாம். தையல் சீழ் பிடித்துப் படுத்துவிட்டால் இது கைகொடுக்கும். அதற்காகவாவது ஒவ்வொரு சீட்டையும் பில்லையும் தேதி வாரியாக ஒரே கவரில் போட்டு வையுங்கள்.

3. முதல் 24 முதல் 48 மணி நேரம்: சூடு அல்ல, குளிர்

நான் செய்த முதல் தப்பு இதுதான். "வெந்நீர்ல உட்காருங்க" என்று வார்டில் யாரோ போகிறபோக்கில் சொன்னார்கள். எப்போதிருந்து என்று நான் கேட்கவில்லை. பெற்ற மறுநாளே ஆவி பறக்கும் தண்ணீரில் உட்கார்ந்தேன். வீக்கம் இன்னும் பெருத்தது.

புதுக் காயம் வீங்கியிருக்கும்போது குளிர்ச்சிதான் வலியையும் வீக்கத்தையும் குறைக்கும். ஐஸ் பையைச் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, 10 முதல் 15 நிமிடம் தையல் மேல் வைத்திருங்கள். இரண்டு மூன்று மணி நேரம் விட்டு மறுபடி வைக்கலாம். துணி இல்லாமல் நேரடியாக வைத்தால் தோல் பொத்துப்போகும். ஜெல் பை இல்லாவிட்டால் ஐஸ் கட்டியை உடைத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினாலும் சரி.

"பச்சை உடம்புல ஐஸா? ஜன்னி வந்துரும்டி!" என்று அம்மா அலறினார். தையல் மேல் வைக்கும் ஒரு கை அகல ஐஸால் ஜன்னி வராது. காய்ச்சல் வந்தால் அது கிருமித்தொற்றாக இருக்கலாம், அதற்கு டாக்டர்தான். எங்கள் அம்மா என் பேச்சைக் கேட்கவில்லை, தன் தங்கச்சியான அந்த நர்ஸ் சித்தி பேச்சைக் கேட்டார். உங்கள் வீட்டிலும் யார் சொன்னால் எடுபடும் என்று பார்த்து, அவரைக் கொண்டு முன்கூட்டியே சொல்ல வையுங்கள்.

4. கழிப்பறை: வலியின் தலைமையகம்

இதைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். நான் பட்ட வேதனையெல்லாம் இங்கேதான்.

முதலில் சிறுநீர். தையல் மேல் படும்போது மிளகாய் பட்டதுபோல் எரியும். எரிச்சலுக்குப் பயந்து அடக்காதீர்கள். மூத்திரப்பை நிறைந்திருந்தால் கர்ப்பப்பை சரியாகச் சுருங்காது, வயிற்றுவலியும் ரத்தப்போக்கும் கூடும். ஓட்டை போட்ட பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி, சிறுநீர் கழிக்கும்போதே முன்பக்கமிருந்து பின்பக்கமாக ஊற்றிக்கொண்டே இருங்கள். எரிச்சல் பாதிக்கு மேல் அடங்கிவிடும். முடிந்ததும் தேய்க்காமல், மெல்லிய துணியால் முன்னிருந்து பின்னாக ஒற்றி எடுங்கள். பிரசவமாகி ஆறு மணி நேரம் ஆகியும் சிறுநீர் போகவில்லை என்றால் நர்ஸிடம் உடனே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது மலம். நான் நான்காம் நாள் அழுததற்கு ஒரு சங்கிலி இருக்கிறது. "நெறைய தண்ணி குடிச்சா வயிறு வத்தாது" என்று ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர்தான் தந்தார்கள். பழம் குளிர்ச்சி என்று நிறுத்தினார்கள். கீரை குழந்தைக்கு மாந்தம் என்றார்கள். மேலே இரும்புச்சத்து மாத்திரை, அது தன் பங்குக்கு மலத்தை இறுக்கியது. பிரிந்துவிடுமோ என்ற பயத்தில் இரண்டு நாள் நானே அடக்கினேன். கல்லாகிவிட்ட பிறகு தையலோடு முக்க வேண்டியதாயிற்று. இதில் எந்தக் கண்ணியை அறுத்திருந்தாலும் அந்தக் காலை வந்திருக்காது.

முதலில் தண்ணீர். பால் கொடுக்கும் உடம்புக்கு நாளைக்கு இரண்டரை, மூன்று லிட்டராவது வேண்டும். ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் பக்கத்தில் ஒரு சொம்பு இருக்கட்டும். தண்ணீரால் வயிறு பெருப்பதில்லை. கர்ப்பப்பை சுருங்கிப் பழைய அளவுக்கு வர ஆறு வாரம் ஆகும், அதுவரை வயிறு அப்படித்தான் தெரியும். வெந்நீர்தான் தருவோம் என்று வீட்டில் அடம்பிடித்தால் வெந்நீரே குடியுங்கள், அளவு குறையாமல் இருந்தால் போதும்.

இரண்டாவது, மலமிளக்கி. லாக்டுலோஸ் சிரப்பை டாக்டரிடம் கேட்டு, வலி வருவதற்கு முன்பே, பிரசவமான மறுநாளிலிருந்தே ராத்திரி எடுத்துக்கொள்ளுங்கள். தாய்ப்பால் கொடுக்கும்போதும் எடுக்கலாம். நான் வாங்கிய பாட்டில் 200 ரூபாய்க்குள்தான். இசப்கோல் என்றால் இரண்டு டம்ளர் தண்ணீரோடு குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே அடைத்துக்கொள்ளும். விளக்கெண்ணெய் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வயிற்றைப் பிடுங்கி எடுத்து, தண்ணீராகப் போகவிடும். தையல் இருக்கும் இடத்தில் நாலைந்து தடவை கழுவுவது யாருக்கு ஆகும்?

இரும்பு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பின் 180 நாள் தொடரச் சொல்லித்தான் தருகிறார்கள், ரத்தம் குறைந்தால் அசதியும் வலியும் கூடும். காபி, டீ, கால்சியம் மாத்திரை எதனோடும் சேர்த்துப் போடாமல் இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

உட்காரும் விதமும் முக்கியம். கமோடில் உட்கார்ந்து, கால்களை முக்காலி மேல் வைத்து முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி முன்னால் சாயுங்கள். சுத்தமான பேடையோ மடித்த துணியையோ தையல் மேல் வைத்துக் கையால் லேசாகத் தாங்கிப் பிடித்துக்கொண்டால் 'பிய்ந்துவிடும்' என்ற பயம் போய்விடும். சாதாரணமாக மலம் கழிப்பதால் தையல் பிரிவது அபூர்வம். மூச்சைப் பிடித்து முக்காமல், வாயால் மெதுவாக ஊதுங்கள். காலையில் சூடாக ஏதாவது குடித்த அரை மணி நேரத்தில் போய் உட்கார்ந்தால் எளிதாக இருக்கும்.

மூலம் தள்ளியிருந்தாலும் இதே வைத்தியம்தான். பிரசவத்தில் முக்கியதால் நிறையப் பேருக்கு வருகிறது, வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். களிம்பு எழுதித் தருவார்கள்.

5. வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காருதல்

ஒரு நாள் போனபிறகு, டாக்டர் சரி என்றதும் தொடங்கலாம். டப்பைக் கழுவிக் கமோடு மேல் வைத்து, முழங்கையை விட்டால் சுடாத அளவு சூட்டில் தண்ணீர் ஊற்றுங்கள். 10 முதல் 15 நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை, முக்கியமாக மலம் கழித்தபின். அதற்கு மேல் ஊறினால் தோல் நைந்துபோகும். முடிந்ததும் ஒற்றி உலர்த்தி, கதவைச் சாத்திவிட்டு ஐந்து நிமிடம் பேட் இல்லாமல் காற்றாடப் படுத்திருங்கள்.

தண்ணீரில் என்ன போடுவது? வெறும் தண்ணீரே போதும். டாக்டர் அயோடின் கரைசல் எழுதியிருந்தால் அவர் சொன்ன அளவு மட்டும். டெட்டால் வேண்டவே வேண்டாம், புண்ணை எரித்துவிடும். மஞ்சள், வேப்பிலை அரைத்துத் தையல் மேல் பூசுவதும் வேண்டாம். அரைத்தெடுத்த விழுதில் இருக்கும் மண்ணும் கிருமியும் புண்ணுக்குள் போகும்.

பேடை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், கறை குறைவாக இருந்தாலும். பத்துப் பதினைந்து நாளில் பேடில் குட்டி நூல் துண்டுகள் தென்படலாம். அது கரையும் தையல் உதிர்வது. நான் அதைப் பார்த்துவிட்டுத் தையல் பிரிந்துவிட்டது என்று ஊரைக் கூட்டினேன்.

6. மாத்திரையை மணி பார்த்துப் போடுங்கள்

வலி உச்சத்துக்கு ஏறிய பிறகு மாத்திரை போட்டால் அது இறங்க நேரமாகும். முதல் மூன்று நான்கு நாளுக்கு எழுதித் தந்த நேரத்தில் தவறாமல் போடுங்கள். "மாத்திரை பாலில் இறங்கிக் குழந்தைக்குப் போகும்" என்று நிறுத்தச் சொல்வார்கள். பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் இரண்டும் பாலில் மிகக் குறைவாகவே கலக்கும், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு வழக்கமாகத் தருகிற மருந்துகள்தான். ஐபுபுரூஃபனைச் சாப்பிட்டபின் போட வேண்டும். அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நம்மூரில் எழுதித் தரும் வலி மாத்திரைகள் பலவற்றில், அசெக்ளோஃபெனாக் போன்ற மருந்தோடு பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கும். அதைப் போட்டுவிட்டு, "காய்ச்சல் மாதிரி இருக்கே" என்று தனியாக ஒரு பாராசிட்டமாலும் போட்டால் அளவு இரட்டிப்பாகிவிடும். சளி மாத்திரையிலும் அது இருக்கலாம். அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். எல்லாம் சேர்த்து 24 மணி நேரத்தில் பாராசிட்டமால் 4 கிராமைத் தாண்டக் கூடாது. மெலிந்த உடம்பு என்றால் இன்னும் குறைவு, டாக்டரிடம் கேளுங்கள். கோடீன், டிரமடால் கலந்தவற்றைப் பால் கொடுக்கும்போது நீங்களாகத் தொடாதீர்கள். அவை குழந்தையைத் தூக்கத்தில் ஆழ்த்தி மூச்சைக் குறைக்கக் கூடும். கடைக்காரர் தரும் 'நல்ல ஸ்ட்ராங்கான' மாத்திரைக்கும் இதே பதில்தான்.

பால் கொடுக்கும்போது அடிவயிறு பிரசவ வலி மாதிரி இழுத்துப் பிடிக்கும். குழந்தை சப்பும்போது கர்ப்பப்பை சுருங்குவதால் வருவது. இரண்டாம், மூன்றாம் பிரசவக்காரர்களுக்கு இன்னும் அதிகம். இரண்டு மூன்று நாளில் தணியும். பால் கொடுக்குமுன் சிறுநீர் கழித்துவிட்டு, அரை மணி முன்னால் மாத்திரை போட்டுக்கொண்டால் தாங்கலாம்.

7. உட்காருவது, படுப்பது, முதுகு

சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் பால் கொடுக்கணும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒருக்களித்துப் படுத்துக் கொடுங்கள், தையலுக்கு அதுதான் இதம். நாற்காலியில் உட்காரும்போது பிட்டத்தை இறுக்கிக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து, பிறகு தளர்த்துங்கள். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையில் மணிக்கணக்காக உட்காராதீர்கள், வீக்கம் நடுவில் இறங்கும். எழும்போது நேராக எழாமல், பக்கவாட்டில் புரண்டு கையை ஊன்றி எழுங்கள்.

முதுகுவலிக்குப் பெரும்பாலும் காரணம், குழந்தையை நோக்கி நாம் குனிவது. இரண்டு தலையணை அடுக்கிக் குழந்தையை மார்பளவுக்கு உயர்த்துங்கள். மரத்துப்போக முதுகில் ஊசி போட்ட இடத்தால்தான் வாழ்நாள் முதுகுவலி என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த இடத்தில் சில நாள் நோவு இருக்கும், அவ்வளவுதான்.

வலி மட்டுப்பட்டதும், சிறுநீரை அடக்குவதுபோல் அந்தத் தசையை ஐந்து எண்ணும்வரை இறுக்கி விடும் பயிற்சியை நாளைக்கு மூன்று தடவை, பத்துப் பத்தாகச் செய்யுங்கள். ரத்த ஓட்டம் கூடி வீக்கம் வடியும். தும்மினால் சிறுநீர் கசிகிற தொல்லையும் இதில்தான் சரியாகும்.

8. பால் கட்டி மார்பு கல்லானால்

மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் மார்பு இரண்டும் பாறையாகும். தையலையே மறக்கடிக்கிற வலி. மருந்து குழந்தையிடம்தான் இருக்கிறது: 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை கொடுங்கள். கொடுக்குமுன் இரண்டு நிமிடம் வெதுவெதுப்பான துணி, கொடுத்தபின் குளிர்ந்த துணி. கருவட்டம் கெட்டியாகிக் குழந்தையால் கவ்வ முடியாவிட்டால், கையால் கொஞ்சம் பீய்ச்சிவிட்டு வாயில் வையுங்கள். குளிரவைத்த முட்டைக்கோஸ் இலையைப் பிராவுக்குள் வைப்பதும் இதம் தரும், ஒரு இலை ஐந்து ரூபாய்கூட ஆகாது. கட்டியைப் போட்டு அழுத்தி நீவாதீர்கள், உள்ளே வீக்கம் கூடும்.

மல்லிகைப்பூ கட்டினால் வலி போகும் என்பார்கள். அது பாலை வற்றவைக்கக் கட்டுகிற வைத்தியம். பால் வேண்டுமென்றால் மல்லிகையைத் தலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காம்பு வெடித்தால், குழந்தை காம்பை மட்டும் கவ்வுகிறது என்று அர்த்தம். கருவட்டமும் சேர்த்து வாய்க்குள் போக வேண்டும். இதைப் படித்துக் கற்க முடியாது. நர்ஸையோ கிராம சுகாதாரச் செவிலியரையோ கூப்பிட்டு, ஒரு தடவை நேரில் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கே வந்து பார்ப்பது அவர்கள் வேலையில் அடக்கம், காசு கிடையாது. ஒரு பக்கம் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் டாக்டரிடம் போங்கள். அப்போதும் பாலை நிறுத்த வேண்டியதில்லை.

9. பத்தியம், வேது, வயிற்றுக் கட்டு: எதை வைத்துக்கொள்வது

பெரியவர்கள் செய்வதெல்லாம் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். பூண்டுக் குழம்பும் பால் சுறாப் புட்டும் தின்றுதான் நான் தேறினேன். நொச்சி இலையும் புளிய இலையும் போட்டுக் காய்ச்சிய தண்ணீரை முதுகிலும் இடுப்பிலும் ஊற்றியபோது பெரியம்மா கைக்கு மோதிரம் போடலாம் போலிருந்தது. சூடு தாங்கும்படி இருக்க வேண்டும், வயிற்றில் ஓங்கி அடித்து ஊற்றக் கூடாது, தையல் பக்கம் போகக் கூடாது. குளிக்கும்போது தலை சுற்றும், ஆள் கூடவே நிற்கட்டும், கதவைத் தாழிட வேண்டாம்.

வயிற்றைத் துணியால் கட்டுவது முதுகுக்குத் தெம்பாக இருந்தால் கட்டிக்கொள்ளுங்கள். மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தம் முழுக்கக் கீழே இறங்கித் தையலில் தெரியும். பிரசவ லேகியத்தை நாட்டு மருந்துக் கடையில் வாங்கினால் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று கேளுங்கள், வீட்டில் கிண்டினது உத்தமம். சாம்பிராணிப் புகையைக் குழந்தை இருக்கும் அறையில் போட வேண்டாம்.

தண்ணீரைக் குறைப்பது, பழமும் காயும் நிறுத்துவது, காற்றே வராமல் அறையை அடைப்பது. இந்த மூன்றுக்கும் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

10. சிசேரியன் ஆனவர்களுக்கு

எனக்கு இது நேரவில்லை, அண்ணி பட்டதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். இருமும்போதும் சிரிக்கும்போதும் தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். காயத்தை ஈரமில்லாமல் வைத்திருங்கள், பாவாடை நாடா அதன் மேல் உரசக் கூடாது; ஆறு வாரத்துக்கு நைட்டியே போதும். குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம், தண்ணீர்க் குடம் உட்பட. வாயு பிடித்துத் தோள்பட்டை வரை வலிக்கும். படுத்தே கிடக்காமல் வீட்டுக்குள் மெல்ல நடப்பதுதான் அதற்கு மருந்து, காலில் ரத்தம் கட்டாமலும் காக்கும். வெளித்தையலைப் பிரிக்க வேண்டிய தேதியைச் சீட்டில் குறித்து வாங்குங்கள்.

11. வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டிய நேரம்

ஒரு பேட் ஒரு மணி நேரத்துக்குள் நனைந்து வழிந்தால், எலுமிச்சையைவிடப் பெரிய ரத்தக்கட்டி விழுந்தால், 108. காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால், உதிரப்போக்கில் அழுகல் நாற்றம் அடித்தால், தையலில் சீழ் வந்தாலோ குறைந்துவந்த வலி திரும்ப ஏறினாலோ, அன்றைக்கே டாக்டர். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகி வலித்தால், மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், தாங்க முடியாத தலைவலியோடு கண் மங்கினால், காலைவரை காத்திருக்காதீர்கள். ரத்த அழுத்தம் பிரசவத்துக்கு முன் சரியாக இருந்தவர்களுக்கும் அடுத்த ஆறு வாரத்துக்குள் ஏறலாம்.

உதிரம் முதல் மூன்று நான்கு நாள் சிவப்பாகவும், பிறகு பழுப்பாகவும், கடைசியில் வெளுத்தும் போகும். ஆறு வாரம் வரை இருக்கலாம். பழுப்பானது மறுபடி சிவந்தால் பெரும்பாலும் அதிகம் நடமாடிவிட்டீர்கள் என்று அர்த்தம். படுங்கள். படுத்தும் குறையாவிட்டால் போன் செய்யுங்கள்.

உங்களுக்கு வரும் காரணமில்லாத அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டாலும் இதே பட்டியலில் சேருங்கள். சுகாதார உதவி எண் 104-லும் மனநல உதவி எண் 14416-லும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

12. 42-ஆம் நாள் பரிசோதனை

தையல் நோவு ஒரு வாரத்தில் பாதியாகும். மூன்று நான்கு வாரத்தில் எனக்கு உட்காருவதே ஒரு வேலையாகத் தெரியாமல் போயிற்று. அதனால்தான் பலர் ஆறாம் வாரப் பரிசோதனையைத் தவறவிடுகிறார்கள். போங்கள். கவரை எடுத்துக்கொண்டு, ஹீமோகுளோபினும் ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். தழும்பு இன்னும் இழுத்துப் பிடித்தால் காட்டுங்கள்.

கூட வந்த அம்மாவையோ மாமியாரையோ குழந்தையோடு வெளியே உட்கார வைத்துவிட்டு, உள்ளே தனியாகப் போங்கள். சிறுநீர் கசிவது, தாம்பத்தியத்தை எப்போது தொடங்கலாம், தொடங்கினால் வலிக்குமா, காப்பர் டி போடலாமா என்று கேட்க அந்தப் பத்து நிமிடம்தான் இருக்கிறது. நான் கேள்விகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனேன். கேட்கக் கூச்சமாக இருந்ததால் சீட்டை அப்படியே டாக்டர் கையில் கொடுத்துவிட்டேன். அவர் சிரிக்காமல் வரிசையாகப் பதில் சொன்னார்.